தந்தைவழி மட்டும் எழுதப்பட்ட ஊர்

ஜார்க்கண்டின் மக்ளஸ்கிகஞ்ச் பற்றி வெளிவரும் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முதல் பத்தியில் 'மினி லண்டன்' என்னும் பட்டம். இரண்டாம் பத்தியில் ஓட்டுக் கூரை, அகன்ற தாழ்வாரம், புகைபோக்கி, மாமரத் தோப்பு. மூன்றாம் பத்தியில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்து வாழும் ஒரு முதியவர். இறுதியில், அழிந்துகொண்டிருக்கும் ஓர் உலகத்திற்காக ஒரு பெருமூச்சு. இடையில் எங்கோ ஒரு வரியில் 'சுற்றிலும் பழங்குடிக் கிராமங்கள்' என்று வரும். அந்தக் கிராமங்களுக்குப் பெயர் இராது. அங்கே பேசப்படும் மொழிக்கும் பெயர் இராது. ராஞ்சிக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சால் மரக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊர், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு நகரத்தின் சிறு நகலாக மட்டுமே வாசகருக்கு அறிமுகமாகிறது.

இது வெறும் ரசனைக் குறைபாடு அன்று. காலனியப் பாரம்பரியம் என்ற சொல்லை இந்தியச் சுற்றுலா எவ்வாறு பொருள்கொள்கிறது என்பதற்கு மக்ளஸ்கிகஞ்சைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பாரம்பரியம் என்றால் கட்டடம். கட்டடம் என்றால் வெள்ளையர் வீடு. வெள்ளையர் வீடு என்றால் அழகு. இந்த மூன்று சமன்பாடுகளும் பிழையானவை.

முதலில் வரலாறு. எர்னஸ்ட் டிமோதி மக்ளஸ்கி கல்கத்தாவில் வீடு, மனை விற்பனைத் தொழில் செய்த ஆங்கிலோ-இந்தியர். வங்காளச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தவர். 1919இன் சீர்திருத்தங்களுக்குப் பின் ரயில்வே, தந்தி, சுங்கம் ஆகிய துறைகளில் ஆங்கிலோ-இந்தியருக்குக் கிடைத்துவந்த வேலைகள் குறையத் தொடங்கின. ஆளும் வெள்ளையர் அவர்களைத் தம்மவராக ஏற்கவில்லை; இந்தியர் அவர்களை ஆள்வோரின் நிழலாகப் பார்த்தனர். தமக்கென ஒரு மண் வேண்டும் என்ற தவிப்பு அப்போது எழுந்தது. 1933இல் மக்ளஸ்கி 'இந்தியக் குடியேற்றச் சங்கம்' என்ற பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, சோட்டாநாக்பூரின் ராத்து மகாராஜாவிடமிருந்து ஏறத்தாழ 10,000 ஏக்கர் நிலத்தைப் பெற்றார். நாடெங்கும் இருந்த ஆங்கிலோ-இந்தியருக்கு அழைப்பு போனது. நிறுவனத்தின் பங்கை வாங்கியவருக்கு நிலம் கிடைத்தது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 300 குடும்பங்கள் குடியேறின. மக்ளஸ்கியோ 1935இலேயே இறந்துபோனார். அவர்கள் அந்த இடத்தைக் குறிக்கத் தேர்ந்துகொண்ட சொல் 'முலுக்'. தாயகம் என்று பொருள்படும் அந்தச் சொல் அரபியில் பிறந்து, இந்துஸ்தானியின் வழியே அவர்கள் நாவுக்கு வந்தது. தாயகத்தைப் பெயரிடும் நேரத்தில் அவர்களுக்கு ஆங்கிலம் போதவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அந்தக் கனவு நீடிக்கவில்லை. கல் நிறைந்த மண்ணில் நகரத்து எழுத்தர்களும் ரயில் ஊழியர்களும் உழவர்களாக மாற முடியவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னும் விடுதலைக்குப் பின்னும் பெரும்பாலோர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று புறப்பட்டனர். விற்கப்பட்ட வீடுகள் சில கல்கத்தாவின் வசதி படைத்தோருக்கு ஓய்வில்லங்கள் ஆயின. வங்காள எழுத்தாளர் புத்ததேவ் குஹா இங்கே வீடு வைத்திருந்தார். தம் புகழ்பெற்ற நாவல் ஒன்றுக்கு இதையே களமாக்கினார். 1997இல் ஆங்கிலவழிப் பள்ளி ஒன்று வந்தபின் பல பங்களாக்கள் மாணவர் விடுதிகளாயின. இன்று அங்கே எஞ்சியிருக்கும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் மிகச் சில.

இந்த வரலாற்றில் துயரம் உண்டு. அதை மறுப்பவர் மனிதர் அல்லர். ஆயினும் இந்தத் துயரத்தை 'மினி லண்டன்' என்ற சொல் கொச்சைப்படுத்துகிறது. லண்டனால் ஏற்கப்படாதவர்கள் கட்டிய ஊர் இது. அதற்கு லண்டன் என்று பெயர் சூட்டுவது, தள்ளிவைத்த தந்தையின் பெயரையே பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவதாகும்.

தந்தை என்ற சொல் இங்கே உவமைக்காக மட்டும் வரவில்லை. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 366ஆம் உறுப்பு, இரண்டாம் கூறு, ஆங்கிலோ-இந்தியர் யார் என்பதை வரையறுக்கிறது. ஒருவருடைய தந்தையோ தந்தைவழி முன்னோரோ ஐரோப்பிய வம்சாவளியினராக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்து வந்த வரையறை அது. தாய் யார், எந்த ஊர், என்ன மொழி பேசினாள் என்று சட்டம் கேட்கவில்லை. ஒரு சமூகம் முழுவதும் தந்தைவழியாக மட்டும் எழுதப்பட்டது. அந்தச் சமூகம் கட்டிய ஊரும் இன்று அதேபோலத் தந்தைவழியாக மட்டுமே வாசிக்கப்படுகிறது. கூரையின் வடிவம் ஐரோப்பியம், எனவே ஊர் ஐரோப்பியம். கூரைக்குக் கீழே இருக்கும் மண், அந்த மண்ணில் நின்ற காடு, அந்த வீட்டைக் கட்டிய கை, அந்த வீட்டில் சமைத்த பெண், அவள் தன் பிள்ளையைத் தாலாட்டிய மொழி ஆகியவை தாய்வழியைச் சேர்ந்தவை. பயணக் கட்டுரையில் அவற்றுக்கு இடமில்லை.

மண்ணிலிருந்து தொடங்கலாம். ஏற்கெனவே குடியானவர்கள் பயிரிட்டுவந்த நிலம் குடியேற்றத்தில் சேராது என்பதே 1933இன் ஏற்பாடு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் சோட்டாநாக்பூரில் பயிரிடப்படாத நிலம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று பொருளன்று. இலுப்பைப்பூ பொறுக்குவதும், சால் இலை பறிப்பதும், விறகு எடுப்பதும், மாடு மேய்ப்பதும் அங்கேதான். அந்த உரிமைகள் வெறும் வழக்கமாக நின்றுவிடவில்லை. நில அளவையின்போது கிராமங்களின் கதியான் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் அவை எழுதியே வைக்கப்பட்டன. அரசனின் கணக்கில் தரிசு, கிராமத்தின் கணக்கில் வாழ்வாதாரம். ஒரே நிலத்துக்கு இரு பெயர்கள். விற்பனைப் பத்திரத்தில் ஏறியது ஒன்றுதான்.

அந்தப் பதிவேடு ஏன் இருந்தது? 1831-32இன் கோல் கிளர்ச்சி, 1899-1900இல் பிர்சா முண்டா தலைமையில் எழுந்த உல்குலான் ஆகியவற்றின் விளைவாக, 1908இல் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. பழங்குடியினரின் நிலம் வெளியார் கைக்குப் போவதைக் கட்டுப்படுத்திய சட்டம் அது. அதுவும் காலனிய ஆட்சிக் காலத்தின் மரபுதான். இன்றுவரை உயிரோடு இருக்கும் மரபு. பங்களாவின் விரிசல் விழுந்த சுவரைப் படமெடுக்கும் பயணிக்கு, அந்தச் சுவரைவிடப் பழமையானதும் வலிமையானதுமான இந்தச் சட்டம் கண்ணில் படுவதில்லை. உதிரம் சிந்திப் பெற்ற ஒரு சட்டம் பாரம்பரியம் ஆகாது, உதிரும் காரைதான் பாரம்பரியம் ஆகும் என்றால், அந்தச் சொல்லின் பொருளை யார் தீர்மானித்தார்கள் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

அடுத்து, பெயர்கள். மக்ளஸ்கிகஞ்ச் என்பது ஒரு மனிதரின் பெயரோடு, சந்தையைக் குறிக்கும் பாரசீகச் சொல் சேர்ந்து உண்டானது. அந்தப் பெயருக்கு அடியில் லாப்ரா, ஹெசாலாங், கொங்கா முதலிய கிராமங்கள் இருக்கின்றன. ஹெசாலாங் என்பதன் முற்பகுதியைப் பாருங்கள். முண்டாரி மொழியில் 'ஹெசா' என்றால் அரசமரம். சோட்டாநாக்பூர் முழுவதும் இந்தச் சொல்லோடு தொடங்கும் ஊர்ப்பெயர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஓர் ஊர்ப்பெயருக்குள் ஒரு மரம் நிற்கிறது. அந்த மரத்துக்கு அந்தப் பெயரை இட்ட மக்கள் ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியைப் பேசியவர்கள். கல்வெட்டு இல்லாத நிலப்பரப்பில் ஊர்ப்பெயர்தான் கல்வெட்டு. அதைப் படிக்காமல் 90 ஆண்டுப் பங்களாவை மட்டும் 'வரலாற்றுச் சின்னம்' என்று அழைப்பது, ஏட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நூலுக்கு மதிப்புரை எழுதுவது போன்றது.

முண்டாரியோடு இப்பகுதியின் இன்னொரு பெரும்மொழி குரூக். ஒராவோன் மக்களின் மொழி. தமிழ் வாசகர் இந்தப் பெயரைப் பள்ளிப் பாடநூலில் 'வடதிராவிட மொழிகள்' என்ற அட்டவணையில் பார்த்திருப்பார். தேர்வு முடிந்ததும் மறந்திருப்பார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே ஒராவோன் மொழி திராவிடக் குடும்பத்தில் இடம்பெற்றது. குரூக்கில் தன்மை ஒருமை 'ஏன்', முன்னிலை ஒருமை 'நீன்'. பல்லுக்குப் 'பல்ல்', மரத்துக்கு 'மன்ன்', நீருக்கு 'அம்ம்'. தமிழ் நிகண்டுகளில் நீரைக் குறிக்கும் 'அம்' என்ற சொல்லை இன்று தமிழ்நாட்டில் எவரும் பேச்சில் பயன்படுத்துவதில்லை. சோட்டாநாக்பூரில் அதன் உறவுச்சொல் அன்றாடம் குடத்தில் ஏறி வீட்டுக்கு வருகிறது.

ஆங்கிலோ-இந்தியர் எழுதிய 'சீமைக் கனவை'த் தேடி ராஞ்சி வரை ரயிலேறும் தமிழ்ப் பயணி, தன் மொழியின் உறவுமொழி பேசப்படும் நிலப்பரப்பைக் கடந்து போய், லண்டனைப் பார்த்ததாக மகிழ்ந்து திரும்புகிறார். இதைவிடப் பெரிய நகைமுரண் ஏதுமில்லை.

இந்த இடத்தில் தமிழருக்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. குரூக் என்ற பெயரைக் கேட்டதும் 'அங்கேயும் தமிழ்தான்', 'தமிழிலிருந்து பிரிந்த மொழி' என்று மார்தட்டும் பதிவுகள் உடனே புறப்படும். அது லண்டன் பட்டத்துக்குச் சற்றும் குறையாத பிழை. குரூக் தமிழின் மகள் அன்று. இரண்டும் ஒரு மூலத்திராவிட மொழியிலிருந்து வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில் பிரிந்தவை. குரூக்கின் ஒலியமைப்பும் சொல்வளமும் முண்டா மொழிகளோடும் சாத்ரியோடும் நூற்றாண்டுகள் கலந்து வாழ்ந்ததால் தமக்கென ஓர் உருப்பெற்றவை. ஒராவோன் மக்களைத் தமிழரின் தொலைந்துபோன தம்பிகளாக ஆக்குவது, அவர்களை லண்டன் படத்தின் பின்னணியிலிருந்து எடுத்து மதுரைப் படத்தின் பின்னணியில் ஒட்டுவதுதான். உறவு என்பது உரிமை கோருவதற்கு அன்று, கூர்ந்து கேட்பதற்கு.

கேட்பதற்கு இன்னும் எத்தனை காலம் இருக்கிறது என்பதே கவலை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குரூக்கைத் தாய்மொழியாகக் கூறியவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். எண்ணிக்கை பெரிதாகத் தோன்றலாம். ஆனால் ஜார்க்கண்டை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒராவோன் மக்கள்தொகை ஏறத்தாழ 17 லட்சம். அங்கே குரூக்கைத் தாய்மொழியாகக் கூறியவர்கள் 10 லட்சத்துக்கும் குறைவு. மீதிப் பேர் எங்கே போனார்கள்? மக்கள் போகவில்லை, மொழிதான் போயிற்று. சாத்ரிக்கும் இந்திக்கும் ஒரு தலைமுறை மாறிவிட்டது. ஜார்க்கண்டில் குரூக் இரண்டாம் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அதற்கென நாராயண் ஒராவோன் உருவாக்கிய தோலோங் சிக்கி என்னும் எழுத்தும் உண்டு. ஆனால் 2003இல் சந்தாலிக்குக் கிடைத்த எட்டாம் அட்டவணை இடம் குரூக்குக்கும் முண்டாரிக்கும் இன்னும் கிடைக்கவில்லை. ஒரு பங்களாவின் கூரை சரிந்தால் நாளிதழில் படத்தோடு செய்தி வருகிறது. ஒரு வீட்டில் பேத்திக்குப் பாட்டியின் மொழி புரியாமல் போகும் நாளைப் படமெடுக்க எவரும் வருவதில்லை.

சுற்றுவட்டாரத்தின் நிலத்தடியும் இதே கதையைச் சொல்கிறது. மக்ளஸ்கிகஞ்சை அடுத்துக் கிடப்பது வட கரண்புரா நிலக்கரி வயல். கலாரியும் பிபர்வாரும் தொலைவில் இல்லை. சுரங்கத்துக்காகக் கிராமங்கள் பெயர்க்கப்படும்போது வீடுகளோடு சரணா தோப்பும், அக்ராவும், ஊர்ப்பெயரும் போய்விடுகின்றன. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று எழுதுவோர் பலர், 20 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நடக்கும் இந்த இழப்பைப் பாரம்பரிய இழப்பு என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது 'வளர்ச்சிப் பிரச்சினை' என்ற வேறு பக்கத்துக்குப் போய்விடுகிறது.

இனி, வழக்கமாக எழும் மறுப்புகள். சுற்றுலா வந்தால்தானே உள்ளூர் மக்களுக்கு வேலை கிடைக்கும் என்பது முதலாவது. உண்மைதான். ஆனால் 'மினி லண்டன்' சுற்றுலா உள்ளூர் மக்களுக்கு அளிக்கும் இடம் சமையலறையும் தோட்டமும் வாயிற்கதவும்தான். ஊரின் கதையைச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. சொல்லப்படும் கதையில் அவர்கள் இல்லை. கதை மாறினால் வேலையின் தன்மையும் மாறும். ஊர்ப்பெயரின் பொருளையும் காட்டின் வழியையும் பாட்டின் பருவத்தையும் அறிந்தவர் வழிகாட்டியாக நிற்கும் சுற்றுலாவும் சுற்றுலாதான்.

இது ஆங்கிலோ-இந்தியருக்கு எதிரான பேச்சு என்பது இரண்டாவது மறுப்பு. அன்று. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் அவர்களுக்கிருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிந்துபோயின. அதற்குப் பெரிய எதிர்ப்பலை எழவில்லை. பங்களாவைக் கண்டு உருகும் அதே நாடு, அதில் வாழ்ந்த மக்களின் குரல் அவையிலிருந்து நீங்கியபோது உருகவில்லை. ஏக்கத்தின் பொருள் வீடுதான், மனிதர் அல்லர் என்பதற்கு இதுவே போதும். தந்தைவழி வாசிப்பு ஒராவோனையும் முண்டாவையும் மறைக்கிறது; ஆங்கிலோ-இந்தியரின் பாதியையும் மறைக்கிறது. அவர்களுடைய தாய்மார்களையும் அது பேசவிடுவதில்லை.

மூன்றாவது மறுப்பு, பயணிக்கு எதற்கு மொழியியல் என்பது. பயணிக்கு மொழியியல் வேண்டியதில்லை, மரியாதை போதும். போகும் ஊரின் பழைய பெயரைக் கேட்பது. அந்தப் பெயருக்குப் பொருள் என்ன என்று, விடுதி உரிமையாளரிடம் மட்டுமன்றி, வயலில் இருப்பவரிடமும் கேட்பது. 'பழங்குடியினர்' என்ற பொதுச்சொல்லோடு நிறுத்தாமல் ஒராவோன், முண்டா என்று பெயர் சொல்லி எழுதுவது. வசந்தத்தில் சால் மரம் பூக்கும்போது வரும் சர்ஹூலுக்குக் குரூக்கில் 'கத்தி' என்று பெயர் உண்டு என்று அறிந்துகொள்வது. அழைக்காத அக்ராவுக்குள் கேமராவோடு நுழையாமல் இருப்பது. இவற்றுள் எதற்கும் பட்டம் தேவையில்லை. அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு: ஊரின் வரலாறு எழுதப்படும் ஒவ்வொரு பலகையிலும் கிராமங்களின் பெயர்கள் இருக்க வேண்டும், இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் அருகில் குரூக்கும் முண்டாரியும் இருக்க வேண்டும், பங்களாக்களுக்கு நிதி ஒதுக்கினால் அந்த மொழிகளின் பள்ளிக் கல்விக்கும் ஒதுக்க வேண்டும்.

இறுதியாக ஓர் இலக்கணச் செய்தி. தமிழில் 'நாம்' வேறு, 'யாம்' வேறு. கேட்பவரையும் உள்ளடக்கியது நாம். கேட்பவரை விலக்கியது யாம், இன்றைய வழக்கில் நாங்கள். குரூக்கிலும் இந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது: கேட்பவரைச் சேர்த்தால் 'நாம்', விலக்கினால் 'ஏம்'. வேறு குடும்பத்தைச் சேர்ந்த முண்டாரியிலும் உண்டு: சேர்த்தால் 'அபு', விலக்கினால் 'அலே'. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை, இந்தியிலும் இல்லை. அந்த இரு மொழிகளிலும் 'நமது பாரம்பரியம்' என்று ஒருவர் எழுதினால், அதற்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று கேட்காமலே தப்பிவிடலாம்.

ஹெசாலாங்கின் மொழிகளில் அப்படித் தப்ப வழியில்லை. பேசத் தொடங்கும் முன்பே, எதிரில் இருப்பவர் உள்ளேயா வெளியேயா என்று முடிவெடுத்தாக வேண்டும். தமிழிலும் அவ்வாறே. எனவே மக்ளஸ்கிகஞ்ச் பற்றித் தமிழில் எழுதுவோர், 'நமது காலனியப் பாரம்பரியம்' என்று எழுதும் முன் அந்த 'நமது'வில் லாப்ராவின் குடியானவரும் இருக்கிறாரா என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் 'எமது' என்று எழுதுவதே நேர்மை.